ஒரு வாட்டி பாஸ்மதி

1

ஆற்காட்டில் மாதப் பத்திரிகை நடத்தும் நண்பர் தணிகாசலம் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். சர்க்கரை நோய்க்காரர்கள் பாஸ்மதி அரிசி சாப்பிடலாமா, அதில் அப்படி என்ன சத்து இருக்கிறது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதித் தர வேண்டுமாம். "நீங்கதான் சார் நம்ம ஊருக்கே பாஸ்மதி கத்துக் குடுத்தவரு" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். புனேயிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் நான் செய்த பிரசங்கம் அப்படி.

தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நூறு கிராம் பாஸ்மதியில் ஏறக்குறைய முந்நூற்றைம்பது கலோரி. நம் ஊர்ப் பொன்னியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். புரதம் ஏழெட்டு கிராம். கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். தீட்டிய வெள்ளை அரிசி என்றால் நார்ச்சத்தும் சொற்பம். மணத்துக்குச் சத்து கிடையாது, அது மூக்கோடு சரி. வித்தியாசம் மாவுச்சத்தில் இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டாத வகை மாவுச்சத்து பாஸ்மதியில் கூடுதல். வெந்த பிறகும் பருக்கை பருக்கையாக நீண்டு நிற்பது அதனால்தான். மற்ற பல வெள்ளை அரிசிகளைவிட ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறுவதும் அதனால்தான். மெதுவாக ஏறும் என்றுதான் சொல்கிறார்கள், ஏறாது என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே சாப்பிடலாம், அளவோடு.

'அளவோடு' என்று எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தணிகாசலம் கேட்ட கட்டுரை இந்த இடத்தோடு முடிந்துவிட்டது. இனிமேல் வருவது அவர் கேட்காதது.

என் மனைவி அம்சாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒன்றரை வருடமாக டயாலிசிஸ். எங்கள் மகள் நித்யா ஞாயிறுதோறும் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறாள்: "நாம எங்க தப்பு பண்ணோம் அப்பா?" போன மாதம் வரை என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அதை அவளிடம் சொல்வதா, வேண்டாமா என்பதுதான் என் பிரச்சினை. பத்திரிகையில் வந்தாலும் அவள் படிக்கப்போவதில்லை. பிரிட்ஜில் ஒட்டிய காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் அவள் தமிழ். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

2

புனேவுக்கு வந்து முப்பத்து நான்கு வருடம் ஆகிறது. ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆய்வுப் பிரிவில் வேலை. வருகிற பொருளை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் ஒரு முத்திரை, இல்லாவிட்டால் வேறு முத்திரை. ஒரு நூல் பிசகினாலும் திருப்பி அனுப்புவேன். அங்கே எனக்கு இருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. விஷ்ராந்த்வாடியில் இரண்டு அறை வீடு. அதை வாங்கிய பிறகு ஊருக்குத் திரும்புவது பற்றிப் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டோம்.

தொழிற்சாலையில் எல்லோருடனும் இந்தியில் காலம் தள்ளினேன். என் மராத்தி பஸ்ஸிலும் காய்கறி வண்டியிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். அம்சா அப்படி இல்லை. வந்த ஆறே மாதத்தில் கீழ் வீட்டு அம்மாளோடு மராத்தியில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். நித்யா இங்கேயே பிறந்தவள். பள்ளியில் மராத்தி, தெருவில் இந்தி, இப்போது மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை, அங்கே ஆங்கிலம். வீட்டுக்குள் மட்டும் தமிழ்தான் என்று சட்டம் போட்டவன் நான். மூன்று வயதிலேயே அவள் "பாணி வேணும்" என்று கேட்டால், "தண்ணி" என்று சொல்லும்வரை கொடுக்க மாட்டேன். அம்சா என்னைத் திட்டிக்கொண்டே கொடுத்துவிடுவாள்.

அந்தச் சட்டத்தை நித்யா மீறவே இல்லை. மராத்திக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு மகர்பட்டா அடுக்குமாடிக்குப் போன பிறகும் எங்களோடு தமிழில்தான் பேசினாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் மராத்தியைச் செருகிக்கொள்வாள், முகம் சிவந்துவிடும். எனக்குப் பெருமைதான். பக்கத்துக் கட்டிடத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் "ஹலோ அங்கிள்" என்பதோடு ஓடிவிடுவார்கள்.

3

ஐந்து வருடத்துக்கு முன் அம்சாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. நித்யா அரை நாள் லீவு போட்டு, தன் வீட்டுப் பக்கம் இருந்த உணவு ஆலோசகர் ஒருவரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு அன்று வேலையில் தணிக்கை. பத்து மணிக்குப் போனவர்கள் பன்னிரண்டுக்கு முடித்துவிட்டார்கள். அம்சாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நித்யா ஆபீசுக்குப் போய்விட்டாள்.

"இன்னா சொன்னாங்க?" என்று சாயங்காலம் அம்சாவைக் கேட்டேன்.

"இன்னாத்தச் சொன்னாங்க. எல்லாம் உங்க பொண்ணுகிட்டதான் சொன்னாங்க. நான் ஃபேனப் பாத்துகினு ஒக்காந்துனு இருந்தேன்."

நித்யா எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். அதை இன்றுவரை அழிக்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன்:

"அப்பா, கேளு. டாக்டர் மேடம் என்ன சொன்னான்னா, அம்மாக்கு சாதம் பூரா பந்த் பண்ண வேணாம். டெய்லி ஒரு வாட்டி குடுக்கலாம். ஒரு வாட்டி மட்டும், ஜாஸ்தி இல்ல. பாஸ்மதிதான் குடு, அது ஸ்லோவா டைஜெஸ்ட் ஆகும். மீதி டைம் சப்பாத்தி, பாஜி. நீதான் பாத்துக்கணும். அம்மா கேக்க மாட்டா."

மூன்று முறை போட்டுக் கேட்டேன். விஷயம் புரியாமல் இல்லை. ஆபீஸ் நடுவில், நாலு பேர் இருக்கிற இடத்தில், என் மகள் எனக்காகத் தமிழில் பேசியிருக்கிறாளே என்கிற சந்தோஷம். 'ஒரு வாட்டி' என்று அசல் ஆற்காட்டுப் பேச்சில் வேறு சொல்லியிருந்தாள். இது எங்கிருந்து பிடித்தாள், அம்சா பேசிக் கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றே ஒரு வெள்ளைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன். 'அம்சா: சோறு தினம் ஒரு வாட்டி. பாஸ்மதி மட்டும்.' ஞாயிற்றுக்கிழமை வந்த நித்யா அதன் முன்னால் நின்று எழுத்துக்கூட்டினாள். "ஒ…ரு… வா…ட்…டி. கரெக்ட் அப்பா" என்றாள்.

4

அடுத்த மாதமே நான் ஓய்வு பெற்றேன். அளக்க வேறு எதுவும் இல்லாததால் அம்சாவை அளக்க ஆரம்பித்தேன். அவள் சமைப்பாள், பரிமாறுவது நான். ஊரிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடும் புழுங்கலரிசியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அம்சா முனகினாள். "பாஸ்மதிய கொழம்புல போட்டுப் பெசஞ்சா கைல நிக்கவே மாட்டுது. தாலி கட்டாத கல்யாணம் மாதிரி கீது" என்றாள். இது மருந்து, மருந்தைப் பிசைந்துதான் சாப்பிட வேண்டுமா என்று நான் கேட்டேன்.

ஆலந்தி ரோட்டில் ஒரு கடையில் பாஸ்மதியில் மட்டும் ஏழெட்டு ரகம். அரிசியை உள்ளங்கையில் போட்டு நீளம் பார்ப்பேன், முனை உடைந்திருக்கிறதா என்று பார்ப்பேன், பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படிப்பேன். கடைக்காரர் என்னைக் கண்டாலே பையனைக் கூப்பிடாமல் தானே எழுந்து வருவார். இத்தனை ஆய்வுக்குப் பிறகு மதியம் அம்சாவின் தட்டில் மூன்று பெரிய கரண்டிச் சோறு வைப்பேன். சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. காலையிலும் இரவிலும் சப்பாத்தி, பாஜி என்கிற காய்கறிப் பொரியல். நாளைக்கு ஒரு வாட்டி மட்டும் சோறு என்கிறபோது அந்த ஒரு வாட்டியாவது வயிறார சாப்பிடட்டுமே என்று பாவம் பார்த்தேன். சில நாள் நாலாவது கரண்டியும் வைத்தேன். அவள் கையைக் குறுக்கே நீட்டுவாள், நான் விரலுக்கு மேலேயே போட்டுவிடுவேன்.

சர்க்கரை இறங்கவில்லை. ஒரு மாத்திரை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. நித்யா பார்த்த ஆலோசகரிடம் மறுபடி போகவில்லை. அவ்வளவு தூரம் எதற்கென்று எங்கள் பேட்டையிலேயே ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் இந்தியில் கேட்பார், "சாவல் கித்னா?" சோறு எவ்வளவு என்று. நான் விறைப்பாக நின்று, "சிர்ஃப் ஏக் பார், டாக்டர் சாப். பாஸ்மதி" என்பேன். ஒரே ஒரு தடவைதான் என்று. அவர் தலையாட்டிவிட்டு மாத்திரையை எழுதுவார். ஒவ்வொரு முறையும் பரீட்சையில் பாஸானவன் மாதிரி வெளியே வருவேன்.

பிறகு அம்சாவுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. மற்றதை எழுத மனசில்லை.

5

இப்போது திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறரைக்கு ஆட்டோ பிடித்து பிம்ப்ரி. எங்கள் மருத்துவ அட்டை அந்த ஒரு மையத்தில்தான் செல்லும். நாலு மணி நேரம் அம்சா மெஷினோடு படுத்திருப்பாள், நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். தண்ணீருக்குக்கூட அளவு. ரசம் போயிற்று, மோர் போயிற்று.

அங்கே சாப்பாட்டு விவரம் சொல்லும் ஒரு பெண் இருக்கிறாள். அவள்தான் சொன்னாள், இப்போது வெள்ளைப் பாஸ்மதியே சரி, பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதில் குறைவு, புழுங்கலும் தவிட்டரிசியும் வேண்டாம் என்று. முன்னே சர்க்கரை மட்டும் இருந்தபோது புழுங்கல் கூடாதா என்று கேட்டேன். "ஏன் கூடாது? நெல்லை அவிக்கும்போது உமிப்பக்கத்துச் சத்தெல்லாம் அரிசிக்குள்ளே இறங்கும். சர்க்கரையும் மெதுவாகத்தான் ஏறும். அளவுதான் முக்கியம்" என்று மராத்தி கலந்த இந்தியில் சொன்னாள். இத்தனை வருடம் அம்சா ஆசையாகச் சாப்பிட்ட அரிசியை ஒரு காரணமும் இல்லாமல் நிறுத்தியிருக்கிறேன். சாப்பிட வேண்டிய அரிசி இப்போது வீட்டில் இருக்கிறது. சாப்பிடத்தான் அவளால் முடியவில்லை. வாயெல்லாம் இரும்பு ருசி என்கிறாள்.

போன மாதம் அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். அட்டை அலுவலகத்தில் எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. நமக்கு இனிஷியல், இவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் ஒன்றும் ஓடாது. ஒரு படிவத்தில் அம்சாவின் குடும்பப் பெயர் என் பெயர், இன்னொன்றில் அவள் அப்பா பெயர், மூன்றாவதில் எங்கள் ஊர்ப் பெயர். ஒரே பொம்பளை மூன்று ஆளாக இருக்கிறாள். குமாஸ்தா மூன்றையும் மேசையில் பரப்பி, "ஹீ கோண்?" என்றார். இது யார் என்று. "பாய்கோ" என்றேன், என் மனைவி. "தீன்?" என்றார், மூன்றா என்று. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துத் தொலைத்தேன். கடைசியில், நோய் முதன்முதலில் தெரிந்தபோது வாங்கிய காகிதம் ஏதாவது தேதியோடு கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து அலமாரியை இறக்கினேன். நித்யா கல்யாணமாகிப் போனபின் அவ்வப்போது கொண்டுவந்து வைத்த ஃபைல்களில் ஒன்று அம்சாவுடையது. அதில் அந்த உணவு ஆலோசகரின் காகிதம் இருந்தது. நான் பார்த்ததே இல்லை. முத்திரை, தேதி எல்லாம் சரியாக இருந்தது. மராத்தி அச்சு. இந்தி தெரிந்ததால் அந்த எழுத்தைக் கூட்டிப் படிப்பேன், நித்யா தமிழ் படிக்கிற மாதிரியே. சப்பாத்தி இரண்டு. பாஜி, பருப்பு. அதற்குக் கீழே 'பாத்', அதாவது சோறு, பக்கத்தில் பேனாவால் 'பாஸ்மதி', அதன் பக்கத்தில் 'ஏக் வாட்டி'. வாட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிண்ணத்தின் படம்.

வாட்டி என்றால் மராத்தியில் கிண்ணம். பருப்பு ஊற்றிக்கொள்ளும் கையடக்க எவர்சில்வர் கிண்ணம். எனக்கு அது தெரியாத வார்த்தை இல்லை. மராத்திக்காரர் யாராவது சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும். சொன்னது என் மகள், சொன்னது தமிழில். நானும் தமிழாகவே கேட்டேன். அவள் தமிழுக்கு நடுவில் அந்த ஒரு வார்த்தை மராத்தியில் இருந்தது, அது அச்சு அசலாக நம் ஊர் வார்த்தை மாதிரியே இருந்தது. தமிழில்தான் பேச வேண்டும் என்று நான் சட்டம் போடாமல் இருந்திருந்தால், ஒரு கிண்ணம் என்பதை அவள் இந்தியில் 'ஏக் கட்டோரி' என்று சொல்லியிருப்பாள்.

அம்சா உள்ளே படுத்திருந்தாள். சமையலறைக்குப் போய் அன்றைய சோற்றில் மூன்று கரண்டி எடுத்து, அந்தக் காலத்தில் வைத்த மாதிரியே தட்டில் வைத்தேன். பிறகு சின்னக் கிண்ணங்களை வரிசையாக அடுக்கி, தட்டிலிருந்து அள்ளி நிரப்பினேன். நாலு கிண்ணம் நிரம்பியது. தட்டில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

6

சிறுநீரக டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒரு சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, சர்க்கரை தெரிவதற்குப் பல வருடம் முன்பே இருந்திருக்கும், ரத்த அழுத்தமும் இருந்தது என்றார். நல்ல மனிதர். ஆனால் நாலு கிண்ணத்தை அவர் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். ஞாயிறு வந்தது, நித்யா வந்தாள். "டயட் எல்லாம் கரெக்டா ஃபாலோ பண்ணோமே அப்பா. அப்ப எங்க தப்பாச்சு?" என்றாள். பிரிட்ஜில் என் எழுத்து இன்னும் ஒட்டியிருக்கிறது. அவள் படித்தால் அது சரி, நான் படித்தாலும் அது சரி. சொன்னால் என் பாரம் கொஞ்சம் குறையும், அவள் ஆயுசுக்கும் சுமப்பாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை தமிழ் பேசுவாளா? வாயைத் திறந்தேன், டீ போடட்டுமா என்று கேட்டேன்.

மறுநாள் பிம்ப்ரியில், மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு, காகிதத்தை எடுத்து அம்சாவின் கண்ணெதிரே பிடித்தேன். ஊசி குத்திய கையை அவளால் அசைக்க முடியாது. மராத்தி அவளுக்கு என்னைவிட வேகமாகப் படிக்க வரும். கிண்ணத்தின் படம் வரை வந்து கண் நின்றது.

"அந்தம்மா குடுத்தது இல்ல இது?" என்றாள்.

"அம்சா, நான் ஒரு வாட்டின்னா…"

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"வாட்டின்னா கிண்ணம்னு எனக்குத் தெரியாதா? கீழ் வீட்டம்மாகிட்ட சக்கரை ஒரு வாட்டி, மாவு ஒரு வாட்டின்னு கடன் வாங்கியே குடும்பம் நடத்தினவ நானு. அந்தம்மா கையாலயே இத்தினூண்டுன்னு காட்னாங்க. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

"அப்போ ஏன் சொல்லல?"

"சோத்து ஆசைதான். நீங்க தப்பாப் புரிஞ்சிகினு அள்ளி அள்ளி வெச்சீங்க. கம்முனு தின்னேன்." கண்ணை மூடிக்கொண்டாள். "புள்ளகிட்ட இதச் சொல்லிடாதீங்க. அவ சரியாத்தான் சொன்னா. இன்னொரு வாட்டி இதப் பத்திப் பேசாதீங்க."

அவள் சொன்னது நிஜமாக இருக்கலாம். அப்படியானால் தப்பு என் மேல் இல்லை, நித்யா மேல் இல்லை. ஆனால் நாலாவது கரண்டி வைக்கும்போதெல்லாம் குறுக்கே நீண்ட கை யாருடையது? அன்று கேட்டபோது ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாளே, அது என்ன? என்னையும் நித்யாவையும் காப்பாற்ற ஊசி குத்திய கையோடு படுத்தபடி அவள் ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால்? முப்பது வருடம் பொருளைப் பார்த்துச் சரி, தப்பு என்று முத்திரை குத்தினவன் நான். இதில் எதைக் குத்துவது என்று தெரியவில்லை. அவளிடம் மறுபடி கேட்கவும் முடியாது.

காகிதத்தைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டேன். அட்டை வந்துவிட்டது, அம்சாவின் குடும்பப் பெயராக எங்கள் ஊர்ப் பெயரோடு.

போன ஞாயிறு நித்யாவால் வர முடியவில்லை. மதியம் போன் செய்தாள். நான் அம்சாவின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னக் கிண்ணத்தில் பாஸ்மதிச் சோறு, மேலே கொஞ்சம் பருப்பு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்திருந்தாள். சோறு ஆறிப் பருக்கை பருக்கையாக நின்றது.

"அப்பா, அம்மா இன்னிக்கு சாதம் சாப்ட்டாளா? எவ்ளோ சாப்ட்டா?"

அம்சா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாட்டி" என்றேன்.

"பூராவா? குட்" என்றாள் நித்யா. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. நம் ஊர்த் தமிழில் நான் சொன்னது பொய் இல்லை.